ரப்பருக்கு வயது சொன்ன அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர் உங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் ஷேர் ஆட்டோ பிடிக்கிறோம். நானும் பல வருடமாகத் தாண்டிக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே வந்தது போன வைகாசியில். கையில் ரிப்பேருக்கு எதுவும் இல்லை. "ஒரு கேள்வி கேக்கணும்ணே" என்றேன். செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னீர்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் பிரிக்காத பெட்டி இரண்டு இருக்கிறது, ஒன்று கிரைண்டர், ஒன்று மிக்சி, அரசாங்கம் கொடுத்தது, பிரிப்பதா அப்படியே வைப்பதா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எந்த வருசத்துது?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது நம் மாவட்டத்தில், திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில். கறவை மாடும் ஆடும் கொடுக்கும் திட்டம் தொடங்கியதும் அதே நாளில், இதோ நம் பக்கத்துப் பாப்பன்குப்பத்தில்தான். முதல் கட்டமாக 25 லட்சம் குடும்பங்களுக்கு என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்து சேர அடுத்த வருடம் ஆகிவிட்டது. இலவசம் சரியா தப்பா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில் தீர்ப்பும் வந்தது. டீக்கடையில் அதைப் பற்றி ஆண்கள் பேசாத பேச்சில்லை. அம்மா அந்தப் பேச்சுக்கே போகவில்லை. திட்டம் பெண்களுக்கானது என்பதால் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள். வீட்டு மனை அப்பா பெயரில், கரண்ட் கனெக்ஷன் தாத்தா பெயரில். அவள் பெயரில் இந்த வீட்டுக்குள் வந்த முதல் பொருள் அந்தப் பெட்டிகள்தான். இதை நான் உங்களிடம் சொன்னபோது, "அப்போ அவங்கல்ல வந்து சொல்லணும்" என்றீர்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தோன்றாத வார்த்தை அது.

மின்விசிறியை மட்டும் வந்த அன்றைக்கே பிரித்தோம். அதுவும் முக்கால்வாசி நேரம் சும்மாதான் நின்றது. அந்த வருடங்களின் மின்வெட்டை மறக்க முடியுமா? அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாமல் கிரைண்டரில் அரிசியைப் போட எந்தப் பொம்பளைக்குத் துணிவு வரும்? ஆட்டுக்கல்லே போதும் என்று அம்மா பெட்டிகளைப் பரணில் ஏற்றினாள். பிறகு கரண்ட் சரியானது. அதற்குள் அவை எனக்கான சீர் ஆகிவிட்டன. எனக்குக் கல்யாணமானபோது மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே இரண்டும் இருந்தன. உடனே என் மகளுக்கான சீர் ஆகிவிட்டன. 2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் சிமென்ட் ஷீட்டைப் பெயர்த்தபோது, தார்ப்பாயை எடுத்து அம்மா முதலில் மூடியது அந்தப் பெட்டிகளை. அரிசி மூட்டை நனைந்தது.

இப்போது அவளுக்குத் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் ஆட்டுக்கல்லில்தான் உட்காருகிறாள். பிரிக்கலாம் என்றேன் நான். பெட்டியில் முதல்வர் படம் போட்டது, இனிமேல் கிடைக்காது, அப்படியே வைத்தால்தான் மதிப்பு என்றான் தம்பி. பேத்திக்கு என்றாள் அம்மா. மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: பெட்டிக்குள் இருப்பது புதிது.

நீங்கள்தான் அதை உடைத்தீர்கள். கிரைண்டர் பெட்டியோடு அம்மாவையும் ஆட்டோவில் கூட்டி வந்த அன்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மூடி வச்சா வயசாகாதுன்னு நினைக்காதீங்கம்மா. கல்லுக்கு வயசு கிடையாது. ரப்பருக்கு உண்டு."

பிளக்கில் சொருகிப் பார்த்துவிடலாம் என்றான் தம்பி. நீங்கள் விடவில்லை. முதலில் டிரம்மைக் கையால் சுற்றச் சொன்னீர்கள், அம்மாவை. இறுகிக் கிடந்தது. அடித்தட்டைக் கழற்றிப் பெல்ட்டை எடுத்து வளைத்துக் காட்டினீர்கள். ஒரு தடவைகூட ஓடாத பெல்ட், உள்பக்கம் முழுக்க வெடிப்பு. பேரிங்கில் கிரீஸ் மெழுகு மாதிரி உறைந்திருந்தது. பிறகு அந்தச் சீரிஸ் பல்பு. ஒரு முனை பிளக்கில், ஒரு முனை மோட்டார் பாடியில். பல்பு எரிந்தால் பாடிக்குக் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம், ஈரக் கையோடு தொடுகிற பொருள், ஆளையே அடித்துவிடும் என்றீர்கள். பல்பு எரியவில்லை. அம்மா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு நிறுத்தாமல், கசிவை அளக்கிற மெக்கர் மீட்டரும் வைத்துப் பார்த்தீர்கள். பழவேற்காட்டு உப்புக்காற்று வருகிற ஊர், காயிலில் ஈரம் ஏறியிருந்தால் பல்பில் தெரியாது என்றீர்கள். கண்டன்சர் வீக். அப்படியே போட்டிருந்தால் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது, காயில் கருகும். தம்பி பிளக்கைக் கீழே வைத்துவிட்டான்.

பெல்ட், கண்டன்சர், கிரீஸ். மூன்றே வேலை. ஆனால் நான்கு நாள் வைத்துக்கொண்டீர்கள், காயிலை வெயிலில் காய வைத்தே தீருவேன் என்று. கேட்ட கூலியை இங்கே எழுதினால் உங்களுக்குச் சங்கடம்; குறைவு என்று மட்டும் சொல்கிறேன். கல்லைத் தட்டிப் பார்த்து, "ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லு மாதிரி இருக்கு, நம்ம எல்லாரையும் தாண்டி நிக்கும்" என்றீர்கள். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது என்று நான் அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அதெல்லாம் அவளுக்கு வேண்டியதில்லை. பழைய சோற்றையும் தேங்காய்த் துருவலையும் போட்டு இரண்டு தடவை ஓட்டிக் கல்தூளைக் கழுவிக் கொட்டச் சொன்னீர்களே, அதை நான்கு தடவை செய்தாள். மறுநாள் மாவு. உளுந்து பொங்கி டிரம் விளிம்புக்கு வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள், ஆட்டுக்கல்லில் செய்கிற அதே கையசைவு. தோள் அசையவில்லை.

இதைத் தனிக் கடிதமாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவிலேயே இப்படி நான்கு வீடு எனக்குத் தெரியும். காக்களூரிலும் பொன்னேரியிலும் ஊத்துக்கோட்டையிலும் எத்தனை பரணோ. வைத்திருப்பவர்களை யாரும் கஞ்சர்கள் என்று நினைக்க வேண்டாம். தனக்கென்று வந்ததை இன்னொருத்திக்காகத் தள்ளி வைத்தவர்கள் அவர்கள். ஒரு நாள் ஆசையாகப் பிரித்து, சோதிக்காமல் சொருகிவிடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

மிக்சி விஷயத்தில் நீங்கள் செய்ததற்குத்தான் என் பெரிய நன்றி. கிரைண்டர் ஓடிய சூட்டில் அதையும் பிரித்துவிடலாம் என்று நானே உங்களிடம் சொன்னேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அவளைப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும்மா, அவசரமில்ல" என்றீர்கள். வைப்பதானால் எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தீர்கள்: சுவரை ஒட்டி வேண்டாம், ஷீட்டுக்கு நேர் கீழே வேண்டாம், எலி வராத இடம், மூடி வாஷரை மட்டும் எடுத்துப் பவுடர் தடவித் தனிக் கவரில் வைக்கலாம், அதற்குப் பெட்டியின் ஒரு பக்க டேப்பை மட்டும் பிரித்தால் போதும். பேத்திக்குக் கொடுக்கும்போது நினைவுப் பொருளாகக் கொடுங்கள், ஓட்டுவதானால் என்னிடமோ என்னை மாதிரி ஒருவரிடமோ காட்டிவிட்டுத்தான் என்றீர்கள். தம்பிக்குப் பெட்டியும் படமும், எனக்கு மாவு, அம்மாவுக்கு அவள் வார்த்தை. மூன்றும் ஒரே மேசையில் முடிந்தது.

வெடித்த பெல்ட்டையும் பழைய கண்டன்சரையும் ஒரு கேரி பேக்கில் போட்டு, தேதி எழுதிக் கொடுத்தீர்கள். அம்மா அதை கிரைண்டரின் காலிப் பெட்டிக்குள், யாரும் நிரப்பாத உத்தரவாத அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறாள். காலிப் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம், வாஷருக்காக. அம்மாவும் வருகிறாள். டேப்பை எந்தப் பக்கம் பிரிப்பது என்பதை அங்கே வந்துதான் சொல்வாளாம்.

அன்புடன்,
கிரைண்டர் வீட்டுத் தங்கை