விதைப்பூண்டும் ஸ்னாப்ஷாட்டும்

என் பொறுப்பில் இப்போது 23 விர்ச்சுவல் மெஷின்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மும்பையில், இரண்டு ஹைதராபாத்தில், பழைய வாடிக்கையாளர் ஒருவருக்காக இன்னும் ஒன்று சிங்கப்பூரில். நான் இருப்பது கொடைக்கானல் நாயுடுபுரத்தில், வீட்டின் பின்னறையில். காட்டேஜ் முன்பதிவு, திண்டுக்கல்லில் ஒரு பள்ளியின் கட்டணக் கணக்கு, ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியின் பில் என்று அந்த மெஷின்கள் சுமப்பதெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்களின் பிழைப்பு.

மலைக்கு வருவதற்கு முன் திண்டுக்கல்லில் வேலை பார்த்தேன். அங்கே சர்வர் மேஜைக்கடியில் இருந்தது. விசிறிச் சத்தம் மாறினால் காதுக்குத் தெரியும், பக்கவாட்டில் கை வைத்தால் சூடு தெரியும். இந்த 23-ல் ஒன்றையும் நான் தொட்டதில்லை, தொடவும் முடியாது. ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் தான் ஒரு முழுக் கணினி என்று நம்பவைப்பதுதான் விர்ச்சுவல் மெஷின். யோசனை பழையது. ஐபிஎம் 1960-களிலேயே அதைச் செய்து பார்த்து, 1972-ல் விஎம்/370 என்று விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2006 ஆகஸ்டில் அமேசான் இசி2 என்ற பெயரில் அதையே மணிக்கணக்கு வாடகைக்கு விட்டபோதுதான் என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தொழில் உண்டானது. 2016 ஜூனில் அவர்களுடைய மும்பை மையம் திறக்கும்வரை எனக்குச் சிங்கப்பூர்தான் பக்கம். ஒரு எழுத்தைத் தட்டினால் அது கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் திரையில் விழும்.

மலையிலிருந்து இந்த வேலையைச் செய்பவனுக்கு இரண்டு பழக்கங்கள் கட்டாயம். முதலாவது டீமக்ஸ். இங்கே பனி இறங்கி மழையும் சேர்ந்தால் இணைப்பு எந்த நொடியும் அறுந்துபோகும். அப்கிரேடு பாதியில் ஓடும்போது அறுந்தால் அந்த வேலையும் பாதியிலேயே நிற்கும். டீமக்ஸுக்குள் ஓடவிட்டால், நான் அறுந்துபோனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன், பத்து நிமிஷத்தில் பழைய விதிகளைத் தானே திரும்பப் போடும்படி ஒரு கட்டளையைக் குறித்துவைப்பது. புதிய விதியில் நானே வெளியே பூட்டப்பட்டால் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி நுழையலாம். எல்லாம் சரியாக இருந்தால் குறித்துவைத்ததை ரத்துசெய்துவிட வேண்டும். அதை மறந்து, பத்து நிமிஷத்தில் செய்த வேலையெல்லாம் அழிந்துபோவதைப் பார்த்தவர்கள் பலர்.

இவற்றையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும் 2018-ல் நான் தோற்றுப்போனேன்.

கஜா புயல் அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. கடலோரத்துப் புயல் மலைவரை வந்து என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். அன்று எங்கள் தெருவில் மட்டும் நான்கு மரங்கள் சாய்ந்தன. கரண்ட் போனது, பிறகு செல்போன் சிக்னலும் போனது. யுபிஎஸ் மதியத்துக்குள் தீர்ந்தது. லேப்டாப் பேட்டரியைக் காப்பாற்றி வைத்துப் பயனில்லை, இணைப்பே இல்லை. மும்பையில் மெஷின்கள் பாதுகாப்பாக ஓடும், அங்கே புயல் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், மரங்களை அறுத்து ஒதுக்கிய இடைவெளியில் டூவீலரை உருட்டியும் ஓட்டியும் வத்தலகுண்டுக்கு இறங்கினேன். சிக்னல் கிடைத்ததும் மண்டிக்காரரிடமிருந்து வந்திருந்த தவறிய அழைப்புகள் வரிசையாக விழுந்தன. கூப்பிட்டேன்.

“தம்பி, நல்லா இருக்கீங்களா? வீடு வாசலுக்கு ஒன்னும் ஆகலையே?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான், “பில்லு போட முடியல தம்பி. ரெண்டு நாளாச் சிட்டையிலதான் எழுதிக்கிட்டிருக்கோம்” என்றார்.

“மன்னிச்சுக்கங்கண்ணே, இப்பப் பாத்துடறேன்” என்றேன். அந்த முதல் கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். புயலுக்கு இரண்டு நாள் முன்பு பில் திரை மெதுவாக வருகிறது என்று சொன்னார்கள். எந்தக் கேள்வி நேரம் எடுக்கிறது என்று பார்க்க, டேட்டாபேஸுக்கு வரும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதிவைக்கும் லாக்கைத் திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மூடிவிட நினைத்திருந்தேன். அந்த வெள்ளிதான் 16. லாக் வளர்ந்து வளர்ந்து டிஸ்க்கை நிரப்பிவிட்டது. மெஷின் உயிரோடு இருந்தது, கேட்டால் பதில் சொன்னது, எழுதத்தான் இடமில்லை.

லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கில் வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கென்று ஒதுக்கியிருக்கும். மற்றவர்களுக்கு இடம் தீர்ந்தபின்னும் நிர்வாகி உள்ளே வந்து துப்புரவு செய்யட்டும் என்று யாரோ முன்யோசனையோடு வைத்த இடம். அதனால் நுழைய முடிந்தது. ரீசார்ஜ் கடையில் லேப்டாப்புக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு, நின்றபடியே லாக் ஃபைலை அழித்தேன். இடம் திரும்பவில்லை. மறுபடி பார்த்தேன், அதே நூறு சதவீதம். கை நடுங்கிவிட்டது. ஒரு ஃபைலை அழித்தால் அதன் பெயர்தான் உடனே போகும். அதைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் பிடியை விடும்வரை இடம் விடுபடாது. தெரிந்த பாடம், அந்த நேரத்தில் நினைவுக்கு வரக் கால் மணி நேரமானது. லாக்கை மூடி, டேட்டாபேஸை நிறுத்தித் தொடங்கியதும் இடம் வந்தது, பில்லும் வந்தது.

ஊர் திரும்பியதும் இரண்டை மாற்றினேன். லாக்குக்குத் தனி டிஸ்க். அது நிரம்பினாலும் டேட்டாபேஸ் மூச்சுவிடும். எண்பது சதவீதம் தாண்டினால் எனக்கும், மதுரையில் உள்ள நண்பர் ஒருவருக்கும் செய்தி போகும். இந்த இரண்டாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அதுவரை எல்லா எஸ்எஸ்எச் கீயும் என் ஒரே லேப்டாப்பில்தான் இருந்தன. என் மெஷின், நான்தான் பார்ப்பேன் என்ற பிடிவாதம். மும்பையில் எத்தனை மின்வழி, எத்தனை ஜெனரேட்டர் வைத்துக் காத்தாலும், அந்த மெஷின் நாயுடுபுரத்தின் ஒரு மின்கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று அவரிடம் தனிக் கீ இருக்கிறது, என்னுடையதன் நகல் அல்ல. ஒருவரை நிறுத்த வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம்.

பூம்பாறையில் எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் பூண்டு போடுகிறார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டு. அறுவடை முடிந்ததும் முதலில் விதைக்கு வேண்டியதைப் பொறுக்கித் தனியே கட்டிவிடுவார், மீதியைத்தான் விற்பார். பூண்டு விதையில் முளைப்பதில்லை, பல்லில் முளைக்கிறது. அதனால் தாய்க்கிழங்கில் இருந்த நோய் பல்லோடு சேர்ந்தே அடுத்த பட்டத்துக்கும் வரும். “பாத்துப் பொறுக்கணும்டா, கண்ணுக்குத் தெரியாம உள்ளயே இருக்கும்” என்பார்.

ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். ஒரு நொடியில் டிஸ்க் இருந்த நிலையை அப்படியே பிடித்துவைப்பது. ஒரு காட்டேஜ் தளத்துக்குள் யாரோ நுழைந்து, படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முந்தைய வாரத்து ஸ்னாப்ஷாட்டிலிருந்து மெஷினை எழுப்பினேன். நான்கு நாளில் மறுபடி அதே தொல்லை. அந்த ஃபைல் ஸ்னாப்ஷாட்டிலேயே இருந்தது; அதை வைத்துப் பல வாரம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து மெஷினைப் பிடித்துவைப்பதை விட்டுவிட்டு, அதை உண்டாக்கும் வழியை எழுதிவைக்கிறேன். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த யூசர், எந்த ஃபயர்வால் விதி என்று எல்லாம் அன்சிபிள் ஃபைல்களில். வெறும் மெஷின் ஒன்றைத் திறந்து அந்த ஃபைல்களை ஓட்டினால் அரைமணி நேரத்தில் சுத்தமான புதிய மெஷின். தரவு மட்டும் தனியே: இரவுதோறும் டேட்டாபேஸ் டம்ப் எடுத்து, வேறு ஊரில் உள்ள மையத்துக்கு அனுப்புகிறேன். ஸ்னாப்ஷாட்டையும் எடுக்கிறேன், ஆனால் அவசரத்துக்கு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் டிஸ்க்கைப் படம்பிடிப்பது, திடீரென்று கரண்ட் போன கணினியைப் பிடித்துவைப்பதற்குச் சமம். பெரும்பாலும் எழும், எழாமலும் போகலாம்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாக்கியது எங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகம். 1899-ல் நிறுவப்பட்டது, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்த இடம். அங்கே பார்வையாளர்கள் பழைய தொலைநோக்கிகளின் அருகேதான் அதிகநேரம் நிற்பார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது படத்தட்டுகள். 1904 முதல், வானம் திறந்த நாளில் எல்லாம் சூரியனை எடுத்து அடுக்கிவந்த தட்டுகளும் ஃபிலிம்களும், இப்போது டிஜிட்டலாகவும் ஆகியிருக்கின்றன. கருவியை இன்னொன்று செய்துகொள்ளலாம். 1909-ல் ஒரு காலையில் சூரியன் இருந்த விதத்தை இனி யாராலும் எடுக்க முடியாது. மண்டியில் ஒரு விவசாயியின் தக்காளிக்கு அன்று போட்ட விலையும் அந்த வகைதான். மெஷினை நாளைக்கே அழித்துவிடலாம். அந்த வரியை அழிக்க எனக்கு உரிமை இல்லை.

பக்கத்துவீட்டுத் தொல்லை பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. சீசனில் ஒரு வீட்டில் விருந்தாளிகள் நிறைந்தால் கடைசி வீட்டுக் குழாயில் நூலாகத்தான் வரும். குழாயில் பழுது இல்லை. விர்ச்சுவல் மெஷினிலும் அதே கதை. டாப் கட்டளையில் ‘எஸ்டி’ என்று கடைசியில் ஒரு எண் வரும். நமக்குச் சேர வேண்டிய சிபியு நேரம் நமக்குத் தரப்படாமல் போனதன் அளவு அது. புதிதாக வருபவர்கள் அதைப் பார்க்காமல் நாள்முழுக்கத் தங்கள் கோடில் பிழை தேடுவார்கள். எண் தொடர்ந்து ஏறியிருந்தால் ரீபூட் செய்து பயனில்லை, பெரும்பாலும் அதே பெரிய கணினியில்தான் எழும். முழுதாக நிறுத்தித் தொடங்கினால் வேறு கணினிக்கு மாற வாய்ப்புண்டு. ஆனால் நிலையான ஐபி முகவரி வாங்கி வைக்காவிட்டால் முகவரி மாறிவிடும். தற்காலிக டிஸ்க்கில் எதையாவது வைத்திருந்தால் அதுவும் போய்விடும்.

சீசன் வேலை எளிது. ஏப்ரலில் காட்டேஜ் மெஷின்களைப் பெரிதாக்கி, ஜூனில் திரும்பச் சிறிதாக்குவேன். 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டும் என்றானபிறகு, முன்பதிவு செய்பவர்கள் அதைப் பற்றியும் அதே பக்கத்தில் தேடுகிறார்கள். அதற்கும் இடம் விடுகிறேன். டிஸ்க்கை மட்டும் அவசரப்பட்டுப் பெரிதாக்குவதில்லை. பெரிதாக்கிய டிஸ்க்கை அப்படியே சுருக்க வழியில்லை; சிறிதாகப் புதியது திறந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எனக்கு விதை பார்க்கும் நாள். ஏதாவது ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்து, அது இல்லையென்று வைத்துக்கொண்டு, வெறும் இடத்திலிருந்து எழுப்புவேன். சென்ற மாதம் மண்டியின் முறை. அன்சிபிள் ஓடி முடிந்தது, முந்தின இரவின் டம்ப்பை ஏற்றினேன், பில் திரையைத் திறந்தேன். கடைசி வரியில் பீன்ஸ், பதினோரு மூட்டை. மண்டிக்காரரைக் கூப்பிட்டு, “கடைசி பில்லு பீன்ஸ் பதினோரு மூட்டையாண்ணே?” என்று கேட்டேன். சிட்டையைப் புரட்டும் சத்தம் கேட்டது. அந்தப் புயலுக்குப் பின் அவர் சிட்டை எழுதுவதை நிறுத்தவே இல்லை. “ஆமா தம்பி, பதினொன்னுதான்” என்றார். பரிசோதனை மெஷினை அழித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.