டக்கென்று ஒரு சத்தம்

"என்னங்க, என் காலுக்குக் கீழே ஏதோ டக்குங்குது."

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கே.கே.நகரிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் வழியில் என் மனைவி இப்படிச் சொன்னாள். "தண்ணி பாட்டிலா இருக்கும்" என்றேன். பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் டக்குங்குது" என்றாள். "ரோடு அப்படி" என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

வண்டி வாங்கி அப்போது ஒன்றேகால் வருடம்தான். 13,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி. பழைய சின்னக் காரில் குனிந்து உட்காரவும் கையை ஊன்றி எழுந்திருக்கவும் சிரமப்படுகிறாள் என்றுதான் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு இந்த எஸ்.யூ.வி.யை வாங்கினேன். இதன் சீட் அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடலாம். அவளுக்காக வாங்கிய வண்டியில் அவளே குறை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அவள் சொன்னதை நான் நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்தவன். எங்கள் வேலையில் 'ரோலிங் இன்' என்று ஒன்று உண்டு. ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே தண்டவாளத்தின் இரு பக்கமும் ஆட்கள் நின்றுகொண்டு, கடந்து போகும் ஒவ்வொரு பெட்டியின் அடிப்பாகத்தையும் பார்ப்போம், கேட்போம். சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகிப் போயிருந்தால் 'டக் டக் டக்' என்று தாளம் போட்டுக்கொண்டு வரும். ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் வேறு மாதிரி உரசும். சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தால் நல்ல சக்கரம் மணி போலப் பேசும், விரிசல் விட்டது மண்பானை போல மொத்தென்று பேசும். காதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன். எனக்குக் கேட்காத சத்தம் அவளுக்கு எப்படிக் கேட்கும் என்பது என் எண்ணம்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அவள் சொல்வாள், நான் தலையாட்டுவேன். ஒருநாள் "உனக்குப் பிரமை" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். காரில் போகும்போது கதவின் மேல் உள்ள கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்வாள்.

புரட்டாசியில் சென்னையிலிருந்து மகள் வந்தாள். அவள் ஓட்ட, நான் இடதுபக்கம் உட்கார்ந்தேன். எங்கள் தெரு முனையில் ஒரு சாக்கடை மூடி இருக்கிறது. இடது சக்கரம் அதில் ஏறி இறங்கியபோது என் பாதத்துக்கு அடியில் மொத்தென்று ஏதோ தட்டியது. காதுக்கு வருவதற்கு முன் காலுக்கு வந்தது.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இவ்வளவு நாள் இது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அடுத்த வாரமே அவள் பிடிவாதமாக என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். கோடு இடதுபக்கம் ஒழுங்காக வந்து, வலதுபக்கம் போகப் போகப் பள்ளத்தில் இறங்கியது. கனத்த சத்தம் ஓரளவு கேட்கிறது, கூர்மையான சத்தங்கள் குறைந்துவிட்டன, வயதும் வேலையும் சேர்ந்து செய்தது என்றார் டாக்டர். ஏ.சி. காற்றும் ரேடியோவும் சேர்ந்துகொண்டால், வண்டியின் அந்தக் கோடியில் கேட்கிற 'டக்' வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற எனக்கு வந்து சேராது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நாளைக்கு வண்டியைச் சர்வீசுக்கு விடறேன்" என்றேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே உள்ள மழமழவென்ற ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தார். "நார்மல் சார்" என்றார். இரண்டாவது முறை வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "எல்லாம் டைட்டா இருக்கு" என்றார்கள். நான் விடாமல் நின்றதால் இடதுபக்க ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் மவுண்டை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் மனைவி மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள். மூன்றாவது முறை போனபோது அந்தத் தம்பி, "இந்த மாடலே இப்படித்தான் சார், நம்ம ஊர் ரோடும் அப்படி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். வாயைத் திறக்கும்போதே, இதே வார்த்தையைத்தானே நான் இரண்டு மாதம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி ஒரு பழைய ஞாபகம் வந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிது. உள்ளே வந்த ஒரு வண்டியில், "ஏழாவது பெட்டியில ஏதோ சத்தம் வந்துச்சுங்க ஐயா" என்றார் ஒரு கலாசி. எதிர்ப்பக்கம் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குக் கேக்கலையே" என்றேன். எங்கள் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, கேட்டவன் சொல்றதை எழுது. கேக்காதவன் சொல்றதுக்கு ரிஜிஸ்தர்ல இடம் இல்ல" என்றார். குனிந்து பார்த்தால் ஒரு ஸ்பிரிங் முறிந்திருந்தது. பெட்டியை 'சிக்' என்று எழுதி ஒதுக்கினோம். இதை எப்படி மறந்தேன்?

மறுநாள் காலை ஒரு நோட்டுப் புத்தகத்தை மனைவி கையில் கொடுத்தேன். "நான் ஓட்டறேன். நீ கேளு. எங்கே, எப்போ, எப்படி வருதுன்னு எழுது." ஏ.சி., ரேடியோ இரண்டையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, கிளம்பினோம். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது, சத்தம் சக்கரத்தோடு வருகிறதா, ரோட்டோடு வருகிறதா என்பது. இது ரயிலுக்கும் காருக்கும் ஒன்றுதான். சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறைந்தால் டயர், பேரிங், ஆக்சில் ஜாயிண்ட் பக்கம் தேட வேண்டும். மதுரை பைபாஸில் சீரான ரோட்டில் எந்த வேகத்திலும் ஒன்றும் இல்லை. ஆகவே ரோட்டோடுதான் வருகிறது.

இரண்டாவது, வண்டியை நிறுத்திவைத்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினோம். ஷாக் அப்சார்பர் தலையில் இருக்கும் பேரிங் கெட்டிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடும், இல்லையென்றால் தட்டும். ஒன்றும் இல்லை. மாற்றிய மவுண்ட் வீண்வேலை என்பது அப்போதே தெரிந்தது.

மூன்றாவது பிரேக். மேடுபள்ளத்தில் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பார்த்தேன். பிரேக் பேடு ஆடுவதால் வரும் சத்தம் என்றால் அப்போது அடங்கிவிடும். அடங்கவில்லை. முன்னே போய்ப் பிரேக், பின்னே வந்து பிரேக் என்றும் செய்து பார்த்தோம். கீழே இருக்கும் கண்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருந்தால் அப்போது ஒரு 'தொம்' வரும். வரவில்லை.

நான்காவதில்தான் விஷயம் பிடிபட்டது. அவள் எழுதியிருந்ததைப் படித்தேன். 'பள்ளிக்கூடம் ஸ்பீடு பிரேக்கர், இல்லை. காவிரிப் பாலம் இணைப்புகள், இல்லை. தெரு முனை மூடி, உண்டு. மார்க்கெட் ஓரப் பள்ளம், உண்டு. மெதுவாகப் போனால் அதிகம்.' அதாவது, இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சத்தம் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது சத்தம்.

முன்பக்கம் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி உண்டு. ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது இதுதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் இந்தக் கம்பி சும்மா சுழன்று கொடுக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கேறும். அந்த முறுக்கைத் தாங்குவது இரு முனையிலும் இருக்கும் சின்ன லிங்க் ராடு. அதன் முனையில் ரப்பர் உறைக்குள் ஒரு குண்டு, கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். கிண்ணம் கொஞ்சம் தேய்ந்தாலும் போதும், குண்டு தட்ட ஆரம்பித்துவிடும்.

"டக்குனு ஒண்ணு இல்லீங்க, ரெண்டு" என்றாள் அவள். "இறங்கறப்ப ஒண்ணு, ஏறறப்ப சின்னதா ஒண்ணு." எனக்குக் கேட்கவே கேட்காத அந்த இரண்டாவது சத்தம்தான் என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. குண்டு கிண்ணத்துக்குள் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் இடிக்கிறது.

பால்பண்ணை பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். அவர் பட்டறையில் லிஃப்ட் இல்லை, பள்ளம்தான். வண்டி நாலு சக்கரத்திலும் நிற்க, அவர் கீழே இறங்கி இடது லிங்க் ராடைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். "சார், இங்க வந்து கை வைங்க" என்றார். நானும் இறங்கி விரலை வைத்தேன். காதுக்கு வராதது விரலுக்கு வந்தது. வலதுபக்கம் அப்படி இல்லை.

"அவங்க லிஃப்ட்ல தூக்கிப் பாத்தாங்களே பாய்?"

"தூக்குனா சக்கரம் தொங்கும் சார். லிங்க் ஒரே பக்கமா இழுபட்டு நிக்கும், ஆட்டம் தெரியாது. எடை மேல இருக்கறப்பதான் பாக்கணும். நான் மாத்தித் தர்றேன்னு வைங்க, நாளைக்கு வாரண்டி இல்லம்பாங்க. அங்கேயே போங்க." கை பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை.

நான்காவது முறையாகச் சர்வீஸ் சென்டர் போனேன். இந்த முறை மனைவியையும் அழைத்துப் போனேன். அந்தத் தம்பியிடம் நோட்டைக் கொடுத்து, "லிஃப்ட் வேண்டாம் தம்பி. அலைன்மென்ட் மேடையில ஏத்துங்க, சக்கரம் தரையில நிக்கிற மாதிரி இருக்கணும்" என்றேன். ஏற்றினார்கள். தம்பி லிங்கைப் பிடித்து ஆட்டினார். முகம் மாறியது. நோட்டை மறுபடி வாங்கிப் படித்து, "மேடம், இதை நீங்களா எழுதினீங்க?" என்றார். இரண்டு பக்க லிங்கும் வாரண்டியில் மாறின. ஒரு மணி நேர வேலை.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லிங்க் ராடு தேய்வது உடனே ஆபத்தில் கொண்டுபோய் விடுகிற விஷயமல்ல. ஆனால் இதே மாதிரி ஒரு 'டக்', கண்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயிண்ட்டிலிருந்தோ ஸ்டீயரிங்கின் டை ராடு முனையிலிருந்தோ வரலாம். அது கழன்றால் சக்கரம் நம் கையில் இல்லை. ஆகவே எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறவரை விடாதீர்கள். வண்டி புதிது என்பது பதில் ஆகாது. சர்வீஸுக்குப் போகும்போது 'சத்தம் வருது' என்று மட்டும் சொல்லாமல், எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று எழுதிக்கொண்டு போங்கள். நல்ல ரோட்டில் அவர்களை ஓட்ட விடாமல், நீங்கள் உடன் போய்ச் சத்தம் வருகிற இடத்தைக் காட்டுங்கள்.

திரும்பி வரும்போது தெரு முனை மூடியில் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றி இறக்கினேன்.

"கேக்குதா?"

"இல்லீங்க." கைப்பிடியை விட்டிருந்தாள்.

"பிரமைன்னு சொன்னேனே, அது தப்பு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசல் வரப்போகும்போது, "பின்னாடி டிக்கியில ஏதோ உருளுதுங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போய்த் திறந்து பார்த்தேன். சமயபுரத்தில் உடைக்க என்று காலையில் வாங்கிப் போட்ட தேங்காய்.