விடுமுறையில் யான் வாசித்த நாவல்கள்

எங்கள் இல்லத்தில் நாவல் என்னும் சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. வேதாகமம், ஞானப்பாட்டுப் புஸ்தகம், மோட்சப் பிரயாணம் ஆகிய மூன்றும் நீங்கலாக ஏனையவற்றையெல்லாம் பாட்டியார் 'கட்டுக்கதை' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஆதலால், சென்ற கோடை விடுமுறையில் பழைய நாவல்கள் மூன்றைப் பெட்டியில் இட்டுக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட யான், அவற்றின்மேல் சேனாவரையர் உரையை வைத்து மூடவேண்டியதாயிற்று. அவ்விடுமுறை முழுவதும் சேனாவரையர் அந்த ஒரு பணியையே செய்தார் என்பதைத் தமிழ்ப் பேராசிரியர் மன்னிப்பாராக.

முதலில் எடுத்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களின் பிரதாப முதலியார் சரித்திரம். 1879-ஆம் ஆண்டில் அச்சேறிய இதுவே தமிழின் முதல் நாவல் என்று பரீட்சைத் தாள்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நூலைத் திறந்து பார்த்தது இதுவே முதன்முறை. கதைக்குள் ஒரு கதை, அதன் முடிவில் ஓர் உபதேசம், உபதேசத்திற்குச் சான்றாக மற்றுமொரு கதை என்று அது நடக்கிறது. ஆசிரியர் முன்சீபு உத்தியோகம் பார்த்தவர். கதாநாயகன் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்சீபு எழுந்து தீர்ப்புக் கூறத் தொடங்கிவிடுகிறார். அவ்விடங்களில் யான் பக்கங்களைத் தாண்டினேன் என்பதை மறைப்பானேன்? ஆயினும், நீதிமன்றங்களில் நடைபெறும் வாதம் கட்சிக்காரருக்கு விளங்கும்படி தமிழில் நடக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தும் இடத்தில் ஒரு வரியையும் தாண்ட மனம் வரவில்லை. ஞானாம்பாளோ என் மனத்தை முற்றிலும் கவர்ந்துவிட்டாள். ஆண் வேடத்தில் அலையும் அவளுக்கு விக்கிரமபுரியில் யானை மாலை சூட்ட, அவள் அரசு வீற்றிருந்து செங்கோல் செலுத்துகிறாள். நடக்கக்கூடியதா என்று கேட்டால் இல்லைதான். கணவனைக் காட்டிலும் மனைவி அறிவுடையவள் என்பதை அக்காலத்து வாசகர் ஒப்புக்கொள்வதற்கு ஒரு யானையின் உதவி தேவைப்பட்டது போலும்!

அடுத்தது பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம். விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் 1893 முதல் மாதந்தோறும் வெளிவந்த இதனை எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது ஏறத்தாழ இருபத்தொன்று. 1898-இல் அவர் காலமானபோது இருபத்தாறு. பத்தொன்பது வயது நிரம்பிய ஒருவன் இக்கணக்கைப் போட்டுப் பாராதிருத்தலே நலம். இதில் யானைக்கு வேலையில்லை. சிறுகுளம் என்னும் கிராமத்தில் பெண்கள் கூடிப் பேசும் வம்பே கதையை நடத்திச் செல்கிறது. அவ்வம்பினை வாசிக்கையில், எங்கள் தெருக் குழாயடியில் நின்று கேட்பதுபோலவே இருந்தது.

ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதரைப் பற்றி ஒரு சொல். யமகமும் திரிபும் அவர் வாயில் தண்ணீர் பட்ட பாடு. உலக விவகாரமோ அணுவளவும் தெரியாது. அவரைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபின், முதல்நாள் மாலை காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் நின்ற ஒரு தமிழ் ஆனர்ஸ் மாணவனின் நினைவு வந்தது. பிற்பகுதியில் கதை வேதாந்தத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. அதனை உயர்வென்று போற்றுவோர் பலர். எனக்கோ, சிறுகுளத்தை விட்டுப் பிரிந்த வருத்தமே மிஞ்சியது.

மூன்றாவது நாவலைப் பற்றி எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். அ. மாதவையாவின் முத்துமீனாக்ஷி, 1903-இல் வெளிவந்த சிறு நூல். இளமையில் மணம் செய்விக்கப்பட்டு, மாமியார் கையில் துன்புற்று, கணவனையும் இழந்து, இறுதியில் மறுமணம் பெறும் ஒரு பிராமணப் பெண் தன் சரித்திரத்தைத் தானே சொல்வதாக அமைந்தது. ஒரே இரவில் வாசித்துவிட்டேன். வாசிக்கும்போது என் உள்ளத்தில் எழுந்தது இரக்கம் என்றே முதலில் எண்ணினேன். உண்மையில் அதனோடு ஒரு பெருமிதமும் கலந்திருந்தது. 'இக்கொடுமைகளெல்லாம் நம்மவரிடம் இல்லையே. நம் முன்னோர் சபையில் சேர்ந்த அன்றே இவற்றை விட்டொழித்தனரே' என்று எண்ணிக்கொண்டே விளக்கை அணைத்தேன்.

மறுநாள் என் சிற்றப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். மணப்பெண்ணின் ரவிக்கையைத் தைத்தவர்கள் என் அத்தை. விருந்திற்கு அரிசி களைந்தவர்களும் அவர்களே. ஆனால் பெண்ணுக்குப் பூ வைக்கப் பெண்டிரை ஒவ்வொருவராக அழைத்தபோது, அத்தையை எவரும் அழைக்கவில்லை. அவர்களும் அழைப்பை எதிர்பார்த்தவர்களாய்க் காணவில்லை. அடுக்களை நிலைப்படிக்கு உட்புறமே நின்றார்கள். அவர்களுக்குக் கணவர் இறந்தபோது வயது இருபத்துநான்கு. அதன்பின் வெள்ளைச் சேலையன்றி வேறு உடுத்தி யான் கண்டதில்லை. விதவை மறுபடியும் விவாகம் செய்யலாம் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியதை எங்கள் வீட்டில் வாசியாதவர் எவருமில்லை. ஆயினும் அத்தையை அருகில் இருத்தி, உன் விருப்பம் என்னவென்று ஒருவரேனும் கேட்டதாக யான் அறியேன். என் தந்தையாரையும் சேர்த்தே சொல்லுகிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக அந்நிலைப்படியைக் கடந்து போய்வந்தும் ஒன்றும் காணாத என்னை எவ்வாறு விலக்குவேன்? முந்தின இரவில் முத்துமீனாக்ஷிக்காகக் கண் கலங்கியவன் யானேயன்றோ!

அன்றிரவு பெட்டியைத் திறந்து, சேனாவரையரை ஒதுக்கிவிட்டு, அந்நூலை எடுத்து அத்தையிடம் கொடுத்தேன். என்ன சொல்லிக் கொடுப்பதென்று விளங்கவில்லை. "அத்தை, நேரம் போகாதபோது வாசியுங்கள்" என்று மட்டும் உளறினேன். அவர்களுக்கு நேரம் போகாத நாளும் உண்டோ என்பது அதன்பின்னரே எனக்குத் தோன்றிற்று.

நான்கு நாள் கழித்து, கொல்லையில் யான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை நூலுடன் வந்தார்கள். அட்டை கசங்காதிருக்கப் பழைய செய்தித்தாளால் உறையிட்டிருந்தார்கள்.

"தம்பி, இதை எழுதினது பெண்பிள்ளைதானே?" என்றார்கள்.

"இல்லை அத்தை. உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்த ஒருவர். நம் திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்துக்காரர்."

அத்தை உறையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டு சிறிது நேரம் பேசாதிருந்தார்கள்.

"எந்த வருஷத்திலே எழுதினது?"

"1903."

"அந்தக் காலத்திலேயே ஓர் ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது" என்றார்கள்.

திண்ணையில் என் தந்தையார் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் செவியில் இது பட்டதோ இல்லையோ, அறியேன். தாளைப் புரட்டும் ஓசை மட்டும் சற்று நேரம் நின்றிருந்தது.

வேறு நூல் இருக்கிறதா என்று அத்தை கேட்டார்கள். பிரதாப முதலியார் சரித்திரத்தைக் கொடுத்து, உபதேசம் வரும் பக்கங்களை வேண்டுமானால் தாண்டிவிடலாம் என்று குறிப்புங் கூறினேன். அவர்கள் ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. யான் கல்லூரிக்குத் திரும்பும் நாளில் ஞானாம்பாளுக்கு யானை மாலையிடும் இடத்திற்கு வந்திருந்தார்கள். ஆகவே, அந்நூலை மட்டும் ஊரிலேயே விட்டுவந்தேன். நூல்நிலையத்தார் விதித்த தாமதக் கட்டணத்தை மனமுவந்து செலுத்திவருகிறேன்.