சாரலும் காமிராவும்

இந்த ஆண்டு ஸீஸனுக்கு நீங்கள் குற்றாலம் போவதாக இருந்தால், பெட்டியில் துணிமணிகளோடு இந்தக் கட்டுரையையும் மடித்து வைத்துக்கொண்டு போங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் தென்காசி. அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம்தான். எதிரே நீல மலை. மலையின் தலையிலே வெள்ளைத் துண்டு கட்டியது போல் மேகம். பஸ் ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் படும்போதே யாரோ பன்னீர் தெளிப்பது போல் இருக்கும். அதுதான் சாரல்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக் காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, செங்கோட்டைக் கணவாய் வழியாக நம் பக்கம் எட்டிப் பார்க்கிறது. கொட்டியது போக மிச்சமிருக்கும் ஈரத்தை இங்கே பூந்தூறலாகத் தூவிவிட்டுப் போகிறது. வெயிலும் அடிக்கும், தூறலும் விழும். குடை பிடித்தால் கூச்சமாக இருக்கும். பிடிக்காவிட்டாலோ பத்து நிமிஷத்தில் புடவை நனைந்திருக்கும்.

புடவை நனைந்தால் கொடியில் போடலாம். தோளில் தொங்கும் டிஜிட்டல் காமிரா நனைந்தால் என்ன செய்வது?

இப்போதெல்லாம் கையிலுள்ள போனிலேயே படம் எடுத்துவிடுகிறோம் என்பது உண்மைதான். ஆனாலும் குடும்பத்தோடு யாத்திரை கிளம்பும்போது, பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும் காமிராவை எடுத்துத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. குற்றாலத்தில் காமிராவைக் கண்டால் எடுக்காமல் இருக்க முடியாது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பேரருவி, பாதி வழியில் பொங்குமாகடலில் விழுந்து, பொங்கி, மறுபடியும் கீழே பாய்கிற அழகு ஒன்று. ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் ஐந்தருவி மற்றொன்று. கடைத் தெருவிலே மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கிற காட்சி வேறு. போதாததற்கு இந்த ஊரில் நடராஜப் பெருமானே சித்திரமாக எழுந்தருளியிருக்கிறார்! ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையில் அவருக்கு விக்கிரகம் இல்லை. சுவரில் தீட்டிய ஓவியமாகவே காட்சி தருகிறார். சுவாமியே படமாக இருக்கிற ஊரில் மனிதர்கள் படம் எடுக்க ஆசைப்படுவதில் என்ன ஆச்சரியம்? (பெண்கள் குளிக்கும் பகுதியின் பக்கம் மட்டும் காமிராவைத் திருப்பக் கூடாது. இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கிளம்பும்போதே சொல்லி வையுங்கள்.)

தண்ணீர் காமிராவுக்குள் மூன்று விதமாக வருகிறது. முதலாவது, திருடனைப் போல் வருவது. ஏ.ஸி. அறையில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த காமிராவைக் காலையில் வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுவதும் மூடுபனி போர்த்திக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கிறதே, அதே சங்கதிதான். காமிராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, அரை மணி நேரம் கழித்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, விருந்தாளியைப் போல் வருவது. அதாவது சாரல். ஒவ்வொரு துளியும் அற்பமானது. ஆனால் பொத்தான்களின் இடுக்கிலும், லென்ஸ் நீண்டு சுருங்கும் இடத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்துவிடும். “இந்தக் காமிரா தூறலைத் தாங்கும்” என்று எழுதியிருந்தால், அது அருவியைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. தூறலைத் தடுக்கும் ரப்பர் வளையங்களும் வருஷம் போகப் போக இறுகித் தளர்ந்துவிடும்.

மூன்றாவது, வெள்ளமாகவே வருவது. காமிரா தண்ணீருக்குள் விழுந்துவிடுவது. போன ஸீஸனில் இப்படி ஒரு சம்பவத்தைக் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தருவிக்குப் பக்கத்தில் மதுரையிலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று. எண்பது வயதைத் தாண்டிய அம்மாள், மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் இருவர். அந்த அம்மாளுக்குப் படம் என்றாலே ஆகாதாம். காமிராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். வீட்டில் இருந்த ஒரே நல்ல படம் ரேஷன் கார்டுக்காக எடுத்ததுதான். அன்றைக்கு அருவியில் குளித்து வந்து படியில் உட்கார்ந்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, நனைந்த தலையோடு, பொக்கை வாய் நிறையச் சிரித்தார். மகன் படபடவென்று ஏழெட்டுப் படங்கள் எடுத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் பேரன், “அப்பத்தா, நான் பார்க்கிறேன், நான் பார்க்கிறேன்” என்று ஓடி வந்து காமிராவின் வாரைப் பிடித்து இழுக்க, அது நழுவித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் விழுந்துவிட்டது.

மகன் பாய்ந்து எடுத்தார். “ஐயோ, அம்மா படமெல்லாம் போச்சே!” என்று பதறிக்கொண்டு பொத்தானில் விரலை வைக்கப் போனார்.

“என்னங்க, அதைத் தொடாதீங்க! முதல்லே பாட்டரியைக் கழட்டுங்க” என்றார் மருமகள்.

“இருக்கா, போச்சான்னு பார்க்க வேண்டாமா?”

“பார்க்கிறதிலேதான் போகும்!”

அப்பத்தா தலையைத் துவட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “ஏண்டா, அவ சொல்றதைத்தான் கேளேன். என் மூஞ்சி எங்கே ஓடிப் போகுது?”

மருமகள் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பாருங்கள். காமிராவுக்குள்ளே மயிரிழை போன்ற செப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. வெறும் ஈரம் அவற்றை உடனே கொன்றுவிடுவதில்லை. ஈரம் இருக்கும்போது மின்சாரமும் பாய்ந்தால்தான் ஆபத்து. போகக் கூடாத வழியில் எல்லாம் மின்சாரம் தாவும். சில பாகங்கள் அந்த நிமிஷமே கருகிவிடும். மற்றவற்றில், பித்தளைப் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு ஏறுவது போல் அரிப்பு வெகு வேகமாக ஏறும். “உயிர் இருக்கிறதா?” என்று பார்க்கப் பொத்தானை அழுத்துகிறவர்கள், உயிரோடு இருப்பதைத் தாமே முடித்துவிடுகிறார்கள்.

ஆகவே, காமிரா நனைந்தால் செய்ய வேண்டியது இதுதான். ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், நின்றிருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். பாட்டரியை எடுங்கள். மெமரி கார்டை எடுங்கள். மூடிகளை எல்லாம் திறந்து வையுங்கள். உதறாதீர்கள்; உதறினால் வாசலில் நிற்கும் தண்ணீர் உள் அறைக்குப் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். லென்ஸைக் கழற்றக்கூடிய காமிராவாக இருந்தால், சாரல் படாத இடத்தில் கழற்றி, வாய்ப்புறம் கீழே பார்க்கும்படி சுத்தமான துணியின் மேல் வையுங்கள். உள்ளே விரலை விட்டுத் துடைக்க வேண்டாம். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் இரண்டு மூன்று நாட்களாவது விட்டுவிடுங்கள். நாலு நாளானால் இன்னும் நல்லது.

தண்ணீரில் ஊறிய பாட்டரியை மறுபடியும் சார்ஜ் செய்யக் கூடாது. லிதியம் பாட்டரி உப்பிக்கொள்ளும், தீப்பிடிக்கவும் கூடும். புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே உத்தமம்.

ஆனால் மெமரி கார்டு இருக்கிறதே, அது கெட்டியான ஆசாமி. மின்சாரம் இல்லாமலே படங்களைப் பிடித்து வைத்திருக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. நனைந்த கார்டைத் துடைத்து, ஒரு நாள் முழுவதும் உலர விட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டால், பெரும்பாலும் படங்கள் பத்திரமாக இருக்கும். காமிரா போனாலும் படம் போவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. பிலிம் சுருள் போட்டுப் படம் எடுத்த நாட்களில் விஷயமே நேர் எதிர். பிலிம் நனைந்துவிட்டால் அதை உலர விடவே கூடாது. தண்ணீரிலேயே போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டும். பாதியில் உலர்ந்தால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு படம் பாழாகிவிடும். அப்போது அவசரம் காப்பாற்றியது. இப்போது பொறுமைதான் காப்பாற்றுகிறது.

சமையலறையிலிருந்து ஒரு யோசனை உடனே வருமே! “அரிசிப் பானையில் புதைத்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும்” என்று. அரிசி உறிஞ்சுவது சொற்பம். அதன் மாவுத் தூளும் குருணையும் காமிராவின் இடுக்குகளில் புகுந்துகொள்வது அதிகம். ஆப்பிள் கம்பெனியே 2024-ஆம் ஆண்டில், நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள் என்று எச்சரித்தது. அரிசி சாதத்துக்கு இருக்கட்டும். புதுச் செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் சின்னச் சின்னப் பொட்டலம் வருமே, சிலிகா ஜெல், அதைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். நீர் சொட்டுவது நின்ற பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் இருபது முப்பது பொட்டலங்களோடு காமிராவை வைத்தால் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீல நிற மணிகளாக விற்பதும் உண்டு. ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நீலச் சாயம் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தலைமுடி உலர்த்தும் டிரையர், அடுப்புச் சூடு, உச்சி வெயில் மூன்றும் கூடாது. சூடு பட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் பசை இளகும். லென்ஸை நகர்த்தும் எண்ணெய்ப் பசை உருகி ஓடும்.

உங்கள் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு பிறந்த தம்பி யாராவது இருந்தால், “நானே பிரித்துத் துடைக்கிறேன்” என்று முன்வருவார். தயவு செய்து விடாதீர்கள். பிளாஷ் உள்ள காமிராவுக்குள் கெபாசிட்டர் என்று ஒன்று இருக்கிறது. பாட்டரியை எடுத்த பிறகும் அதில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கலாம். தொட்டால் பலத்த அதிர்ச்சி. பிரிக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

குற்றாலம் வந்தவர்கள் அப்படியே திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று போவது வழக்கம். அங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அருவித் தண்ணீர் உலர்ந்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. கடல் தண்ணீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தண்ணீர் போனாலும் உப்பு உள்ளேயே உட்கார்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, அரித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் கடல் அலை பட்ட காமிராவை மூன்று நாள் காத்து வைக்கக் கூடாது. பாட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே துடைத்து, அன்றைக்கே மெக்கானிக்கிடம் சேர்த்துவிட வேண்டும்.

அந்த மதுரைக் குடும்பம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஊர் திரும்பிய பிறகு டெலிபோனில் சொன்னார்கள். காமிரா மெக்கானிக்கிடம் போய்ப் பிழைத்து வந்ததாம். பிளாஷ் மட்டும் பிழைக்கவில்லையாம். கார்டில் இருந்த படங்கள் ஒன்று விடாமல் கிடைத்துவிட்டன. அப்பத்தாவின் சிரிப்பு இப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறதாம்.

கிளம்புமுன் செய்ய வேண்டியவையும் சில உண்டு. இறுக மூடக்கூடிய பிளாஸ்டிக் கவர் இரண்டு, பழைய துவாலை ஒன்று, கொஞ்சம் சிலிகா ஜெல் பொட்டலம்; செலவு சொற்பம். ஒவ்வொரு இரவும் அன்று எடுத்த படங்களை வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் காமிராவைத் தோலுறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் படர்ந்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். 2024 மே 17-ஆம் தேதி, பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்து போனான். மேலே மலையில் மழை கொட்டினால் கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கினால், சத்தம் கூடினால், போலீஸ்காரர் விசில் ஊதினால், உடனே குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரை ஏறிவிடுங்கள். அப்போது காமிரா தண்ணீரில் விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். காமிராவைக் கடையில் வாங்கலாம்.

சந்தோஷமாகப் போய் நனைந்து வாருங்கள், சகோதரிகளே! மங்குஸ்தான் வாங்க மறந்துவிடாதீர்கள்.