மாமாவின் சைக்கிளுக்கு எந்த நிறம்?

எங்கள் வீட்டின் பின்புறம், விறகு அடுக்கும் கொட்டிலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பி.எஸ்.ஏ. பாண்டம். என் மாமனார் ஓடியது. ஹட்டன் மழையும் பனியும் பட்டு, அதன் மட்கார்ட் ஓரமெல்லாம் துருவேறி விட்டது. அதற்கு என்ன நிறம் பூசுவது என்று எங்கள் குடும்பத்தில் மூன்று மாதமாகப் பேச்சு நடந்தது. ‘இதெல்லாம் ஆண்கள் பேச்சு, நமக்கென்ன’ என்றுதான் நானும் முதலில் ஒதுங்கியிருந்தேன்.

மாமா புடவை வியாபாரி. பஸாரில் சின்னக் கடை. வாரத்தில் நான்கு நாள் துணி மூட்டையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று தோட்டம் தோட்டமாகப் போவார். லயத்து வாசல்களில் சேலையும் சாரமும் கடனுக்குக் கொடுப்பார். சம்பள நாளில் போய்ப் பணம் வாங்கி வருவார். கொடுக்க முடியாதவர்களிடம் அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்து வருவார்.

சைக்கிளை அவர் வாங்கியது 1975 இல். கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான வருடம் அது. ஒரு தோட்டத்துச் சின்னத்துரை வேலையை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனாராம். அப்போது அது வெளிறிய பச்சை நிறமாம். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து பார்த்ததோ மெரூன் நிறம்தான். பதிவுப் புத்தகத்திலும் மெரூன் என்றே இருக்கிறது.

மாமா 2023 இல் மவுத்தானார். அதன் பிறகு சைக்கிளை யாரும் தொடவில்லை. ஒரு ஏப்ரல் மாதம் நுவரெலியாவுக்கு வசந்த காலம் பார்க்கப் போன என் மகன், அங்கே வந்திருந்த பழைய வாகனங்களைக் கண்டு மயங்கித் திரும்பி வந்தான். “உம்மா, வாப்பப்பாட சைக்கிள அசல் நிறத்துக்கே மாத்தப் போறேன்” என்றான்.

பிறகு அவன் வாயில் வேறு பேச்சே இல்லை. பாண்டம் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்ததாம். 125 சி.சி., மூன்று கியர், பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்ற வேண்டும். சட்டம், டாங்கி, மட்கார்ட் எல்லாமே பனிப் பச்சை. டாங்கியின் இரு பக்கமும் மட்டும் பாலாடை நிறம். மலைப்பாதைக்கு ஏற்ற இலேசான வண்டி.

மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தான். அவர் டாங்கியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். தூரிகை எட்டாத அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் பச்சை அப்படியே இருந்தது. “வெயில் படாத இடத்திலதான் அசல் நிறம் மிஞ்சும்” என்றார். மூன்று வழி சொன்னார். எல்லாவற்றையும் இரும்பு வரை சுரண்டிவிட்டுப் புதிதாகப் பச்சை அடிக்கலாம். அல்லது தண்ணீர்க் காகிதத்தால் மெரூனை மட்டும் மெல்லத் தேய்த்தெடுத்து, கீழே எவ்வளவு பச்சை மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கலாம். அல்லது துருவை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளபடியே விட்டுவிடலாம். “ஒண்டு மட்டும் ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க. சுரண்டினத திருப்பி ஒட்ட ஏலாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் செய்தி பரவி, கொழும்பிலிருந்து ஒருவர் விலை கேட்டு வந்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவர். உள்ளபடி 3 லட்சத்து 20 ஆயிரம் தருவதாகவும், அசல் பச்சைக்கு மாற்றினால் இன்னும் கூட்டித் தருவதாகவும் சொன்னார். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. இளைய மதினி வீட்டில் மகளின் படிப்புச் செலவு நெருக்குகிற நேரம் வேறு.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. “இது யாருடைய சைக்கிள்?” என்று இவரிடம் கேட்டேன்.

“வாப்பாட. இப்ப எங்கட” என்றார்.

“எங்கட என்றால் யார் யார்?”

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாமாவின் பெற்றோர் முன்பே காலமானவர்கள். கடன் ஏதும் வைக்கவில்லை. மரண சாசனமும் எழுதவில்லை. அப்படியானால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம். மாமிக்கும், ஒரு மகனுக்கும், இரண்டு மகள்மாருக்கும் மொத்தத்தை 32 ஆகப் பிரித்தால் சரியாக வரும்: மாமிக்கு 4, இவருக்கு 14, மதினிமார் இருவருக்கும் ஏழேழு. வீட்டையும் கடையையும் பங்கு போட்டபோது இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். கொட்டிலில் நின்ற சைக்கிளை மட்டும் எவரும் சொத்தாக நினைக்கவில்லை. பங்குக்காரர் நால்வர் இருக்க, நாங்கள் பாட்டுக்கு நிறம் பேசிக்கொண்டிருந்தோம்.

மதினிமாருடன் தொலைபேசியில் பேசினோம். பிறகு நான் மாமியிடம் போனேன். அவர் குசினியில் கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

“அந்தப் பச்சை தொரட நெறம் மகள்” என்றார்.

மாமா முதல் மாதம் பச்சைச் சைக்கிளில்தான் தோட்டத்துக்குப் போனாராம். அதே சத்தம், அதே நிறம். சின்னத்துரைதான் வருகிறார் என்று நினைத்து லயத்துப் பிள்ளைகள் உள்ளே ஓடும். திண்ணையில் குந்தியிருந்த கிழவர்கள் எழும்பித் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். கொழுந்தெடுக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து கொள்வார்கள். வந்தது புடவைக்காரர் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவார்களாம்.

“இவருக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. ‘சாரம் விக்கப் போறவனுக்கு வயசானவங்க எழும்பி நிக்கிறாங்க, இந்த நெறம் எனக்கு வேணாம்’ எண்டார். கடைக் கதவுக்கு வாங்கின பெயின்ட்ல மிச்சம் இருந்திச்சி. லாம்ப வச்சிக்கிட்டு ராவோட ராவா ரெண்டு பேருமா அடிச்சோம். டாங்கிட வலப் பக்கம் அவர். எடப் பக்கம் நான்.”

இத்தனை வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இரவு மஃரிபுக்குப் பிறகு எல்லோரும் டோர்ச் லைட்டுடன் கொட்டிலுக்குப் போனோம். டாங்கியின் வலப் பக்கம் பூச்சு வழுவழுப்பாக இருந்தது. இடப் பக்கம் தூரிகைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஓரிடத்தில் பெயின்ட் வழிந்து துளியாகக் காய்ந்திருந்தது. பின்புறம் மூட்டைக் கயிறு அறுத்த வரிகள். மகன் நெடுநேரம் பேசாமல் நின்றான்.

பிறகு அவனே ஒன்று சொன்னான். பாண்டமும் முழுக்க இங்கிலாந்தின் சொந்தச் சரக்கல்லவாம். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. வண்டியின் வடிவத்தை, உலகப் போருக்குப் பிறகு நஷ்டஈடாகப் பெற்று, அதைப் பார்த்துச் செய்ததாம். ஜப்பானில் 1955 இல் வந்த யமஹாவின் முதல் சைக்கிளும் அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்துச் செய்ததுதானாம். அவர்கள் அதற்குப் பூசியது செம்பழுப்பு. “அப்ப வாப்பப்பாவும் அவங்களப் போல தன்ட நெறத்தத்தான் பூசியிருக்கிறார்” என்றான்.

முடிவு இப்படி ஆயிற்று. விற்பதில்லை. கொழும்புக்காரர் உள்ளபடி சொன்ன விலையையே கணக்காக வைத்து, மதினிமார் ஒவ்வொருவருக்கும் 70 ஆயிரம் ரூபாயை இவர் கொடுப்பது. இளைய மதினிக்கு முதலில், மூத்தவருக்குத் தவணையில். துருப்பிடித்த இரண்டு மட்கார்டையும் சுத்தம் செய்து, அதே மெரூனைக் கலந்து அடித்தாயிற்று. டாங்கியைத் தொடவில்லை; மெழுகு பூசித் துடைத்ததோடு சரி. அடிப்பக்கத்துப் பச்சையும் அப்படியே இருக்கிறது. அதுவும் அந்தச் சைக்கிளின் கதைதானே.

மாமியின் 40 ஆயிரத்தை இவர் கையில் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. “என்ட பங்கு அந்த எடப் பக்கம். அத யாரும் சொரண்டாம இருந்தாப் போதும்” என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய தையல் மெஷினோ, தட்டு முட்டுப் பெட்டியோ இருக்கும். அதைப் புதுப்பிக்கவோ விற்கவோ புறப்படுமுன், வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவருக்கு அதில் பங்கு இருக்கலாம். நமக்குத் தெரியாத அவருடைய கைவேலையும் இருக்கலாம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மகன் சைக்கிளை ஸ்டார்ட் செய்கிறான். அந்தச் சத்தம் கேட்டதும் மாமி தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.