ராணி சாப்பிட்டாளா?

நீங்கள் எப்போதாவது ஒட்டுக் கேட்டதுண்டா? "சீச்சீ!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில், இரவு பத்து மணிக்கு மேல் சாத்திய கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டால், எந்தத் தாயாருக்குத்தான் காது நீளாது?

அதிலும் என் பிள்ளை பேசுவதே அபூர்வம். அவன் அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து என்னிடம் "உம்", "ஊகூம்", "வெச்சுட்டுப் போம்மா" என்பதோடு சரி. ஆபீஸ் விட்டு வந்தால் மடியில் பேஸ் கிடாரை வைத்துக்கொண்டு 'தும், தும்' என்று தட்டிக்கொண்டிருப்பான். மற்றக் கிடாருக்கு ஆறு கம்பி என்றால் இதற்கு நாலே நாலு. தடித் தடியான கம்பிகள். அதிலே ஒரு பாட்டாவது வாசிப்பானா என்றால் அதுவும் கிடையாது. அவன் பேச்சை விழுங்கியது இந்தக் கட்டைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அடுத்த தெருக்காரர் ஒருவர் தம் பையனுக்காக அதை விலைக்குக் கேட்டபோது, "பார்க்கலாம்" என்று பாதி வாக்கும் கொடுத்துவிட்டேன். பிள்ளையிடம் மூச்சு விடவில்லை.

இப்படிப்பட்டவன் ராத்திரி போனில் மட்டும் மணிக்கணக்காகப் பேசுகிறான்! என் காதில் விழுந்த துண்டுகள் இவை:

"ராணி சாப்பிட்டாளா?"

"கழுத்து மெலிசுதான். ஆனால் குரல் இருக்கே, என்ன ஆழம்!"

"கோபம் வந்தா பிறாண்டுறாளா? பழகினா சரியாயிடும்."

"நாளைக்குப் பாடு, ஞாயிற்றுக்கிழமை நான் பழவேற்காட்டுக்கு வரேன்."

அப்புறம் எனக்குத் தூக்கம் வருமா? ராணியாம், மெல்லிய கழுத்தாம், பாட வேறு தெரியுமாம்! கோபம் வந்தால் பிறாண்டுகிற மருமகளை எண்ணிப் பார்த்தேன். உடம்பு நடுங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்று வாசலில் நின்றுவிட்டேன். "உம்" என்றான்.

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இங்கேதான் இருக்கிறது. ஏரிப் பாலத்தைத் தாண்டி, தண்ணீருக்கும் கடலுக்கும் நடுவே மணலில் அமைந்த ஒரு குப்பத்தில் ஆட்டோ நின்றது. என் பிள்ளை வயதில் ஒரு பையன் ஓடி வந்தான். சென்னையில் ஒரு மெல்லிசைக் கச்சேரியில் இருவருக்கும் சிநேகிதமாம். அவனும் பேஸ் கிடார் வாசிக்கிறவன். மாதா கோயில் பாடகர் குழுவிலும் வாசிக்கிறானாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "ராணி எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"உள்ளேதாம்மா தூங்கறா, பாருங்க."

பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் மேல், வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த ஒரு பூனை சுருண்டு கிடந்தது! அப்படி மூன்று நிறமும் சேர்ந்திருந்தால் அநேகமாகப் பெண் பூனைதானாம். பெயர்ப் பொருத்தம் சரிதான்.

மெல்லிய கழுத்து பூனைக்கு அல்ல, கிடாருக்கு. 'பாடு' என்பதும் பாட்டல்ல. முகத்துவாரத்தை ஒட்டி இறால் விழுகிற நல்ல இடங்களில் தினமும் ஒருவரே வலை கட்டினால் மற்றவர் அடுப்பு எப்படி எரியும்? அதனால் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பாடு இல்லாத நாளில்தான் பையன் கிடாரைத் தொடுவானாம்.

நான் கட்டியிருந்த பட்டுப்புடவை என்னைப் பார்த்துச் சிரித்தது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேச உட்கார்ந்தார்கள் பாருங்கள்! 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரிஸிஷன் பேஸ்' போல ஒன்று உண்டா என்கிறான் என் பிள்ளை. அதற்கு முன் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபிள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்களாம். "1960-ல் வந்த ஜாஸ் பேஸுக்குத்தான் கழுத்து மெலிசு, விரல் ஓடும்" என்கிறான் மற்றவன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் பார்வைக்கு வயலின் மாதிரி இருக்குமாம். அவர் இடது கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே வடிவமானதால், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாதாம். 1972-ல் லண்டனில் திருட்டுப் போன அந்த வாத்தியம், ஐம்பது வருஷம் கழித்து அவரிடமே வந்து சேர்ந்ததாக 2024-ல் செய்தி வந்தது.

"பூனை மாதிரி வீட்டைத் தேடி வந்துட்டுது!" என்று என் பிள்ளை சிரித்தான். அவன் சிரிப்பை நேருக்கு நேர் பார்த்து எத்தனை நாளாயிற்று!

சகோதரிகளே, இது ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மும்பையைச் சேர்ந்த மோகினி டே என்ற பெண், தகப்பனாரிடமே பேஸ் கற்று, ஏ. ஆர். ரஹ்மானுடன் மேடையேறியிருக்கிறாள்.

"அதென்ன, படுக்க வேறு இடமில்லாமல் ராணி ஸ்பீக்கர் மேல் ஏறிக்கொண்டிருக்கிறாள்?" என்று கேட்டுவைத்தேன். என் பிள்ளை என் பக்கம் திரும்பினான்.

"அதிரும்மா. இந்தத் தடிக் கம்பியைத் தட்டினா நொடிக்கு 41 தடவை அதிரும். பூனை சுகமா இருக்கிறப்போ 'குர்குர்'ங்குதே, அது நொடிக்கு 25, 30 தடவைதான். எங்க கிடாரைவிடக் கீழ் ஸ்தாயி! இத்தனூண்டு உடம்பிலேருந்து அது எப்படி வருதுன்னு வியன்னாவிலே ஆராய்ந்து, அதன் குரல்நாணிலே மெத்தை மாதிரி ஒரு திசு இருக்குன்னு 2023-ல் எழுதியிருக்காங்க. தொட்டுப் பாரும்மா!"

தொட்டுப் பார்த்தேன். அதிர்ந்தது. ஆனால் எனக்குத் தொண்டையை அடைத்தது வேறு காரணத்தால். இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் இத்தனை நீளமாகப் பேசியது அன்றுதான்.

திண்ணையில் அந்தப் பையனின் தாயார் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, குந்துங்க" என்று பாயைத் தட்டிப் போட்டாள். எங்கள் பேச்சு இயல்பாகப் பிள்ளைகளைப் பற்றிய புகாரில் இறங்கியது.

"உப்புக் காத்துக்கு கம்பி துருப் பிடிக்குதாம், அழுக்கு ஏறினா சத்தம் மங்குதாம். பூனைக்கு மீன் அவிக்கிற சட்டியிலேயே கம்பியையும் போட்டு அவிக்கிறான்க்கா!"

"குப்பத்துப் பூனைக்கு மீனை அவிக்கவும் வேணுமா?"

"பச்சையாவே தினம் போட்டா சில மீனு ஆகாதாம், மாட்டு டாக்டர் சொன்னாரு." அது சரிதான். சில பச்சை மீன்களில் உள்ள ஒரு பொருள் 'பி1' வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தோஷம் போய்விடும். பூனை வளர்க்கும் சகோதரிகள் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் மெல்ல விஷயத்துக்கு வந்தேன். "நம் பிள்ளைகள் வாசிக்கிறது யார் காதிலும் விழுவதில்லையே! விற்றுவிட்டால் என்ன?"

அவள் ஊசியை நிறுத்தினாள். "போன வருஷம் மணல் ஏறி முகத்துவாரம் அடைச்சுக்கிச்சு. ஏரியிலே மீனில்லே, வீட்டிலே அரிசியில்லே. அப்போ அவனே அதை எடுத்துக்கிட்டு விக்கக் கிளம்பினான். நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். தோட்டை அடகு வெச்சேன். இன்னும் மூக்கலே." வெறும் காதைத் தடவிக்கொண்டு வலையைத் தூக்கிக் காட்டினாள். "இதோ பாருங்கக்கா, மேலே மிதப்பு. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கீழே ஈயக்குண்டு. அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஈயம் இல்லேன்னா வலை நிக்குமா? சுருட்டிக்கிட்டுப் போயிடும். என் பிள்ளை வாசிக்கிறது ஈயம்." பிறகு உள்ளே பார்த்து, "டேய், அக்காவுக்கு அந்த வித்தையைக் காட்டுடா!" என்று கூவினாள்.

போனில் ஓர் இளையராஜா பாட்டைப் போட்டு, கூடவே என் பிள்ளை வாசித்தான். பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. தனியாக எதுவும் எனக்குக் கேட்கவில்லை. திடீரென்று இருவரும் ஏதோ திருகினார்கள். பாட்டிலிருந்த அடிக்குரல் போயிற்று. என் பிள்ளையும் கையை எடுத்துவிட்டான். அவ்வளவுதான்! பந்தலுக்குக் கால் பிடுங்கினாற்போல் ஆகிவிட்டது பாட்டு. பாடுகிறவர் பாடுகிறார், ஆனால் நிற்க இடமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறார். மறுபடி அவன் 'தும்' என்று தட்டினான். பாட்டு தரையில் கால் ஊன்றிக்கொண்டது.

என் வீட்டிலும் இரண்டு வருஷமாக அந்த ஒரு குரல்தான் இல்லை. இருந்தவரையில் நாங்கள் அதைத் தனியாகக் கவனித்ததில்லை. அதன் இடத்தைத்தான் என் பிள்ளை நாலு கம்பியால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான் போலும். நான் அதை விலை பேசிக்கொண்டிருந்தேன்!

மறுநாள் அடுத்த தெருக்காரருக்குப் போன் செய்து, "அது விற்பதற்கில்லை, மன்னிக்க வேண்டும்" என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் ராணியின் மகள் ஒருத்தி வளர்கிறாள். ராத்திரிப் பேச்சும் வழக்கம்போல் நடக்கிறது. நானும் வழக்கம்போல் கதவோரம் போய் நிற்கிறேன். ஆனால் ஒட்டுக் கேட்பதில்லை, நம்புங்கள். சுவரில் காதை வைக்க வேண்டியதே இல்லை. உள்ளங்கையை வைத்தால் போதும்.