நாளையிலிருந்து வேண்டாம்

எங்கள் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வேலை செய்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. ஒருத்தி லண்டன் கடையொன்றுக்கு போஸ்டர் செய்கிறாள், ஒருவன் கனடாவில் இருப்பவருக்குக் கணக்கு எழுதுகிறான், இன்னொருத்தி வீடியோக்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுகிறாள். உம்மாமாருக்கும் நிம்மதி. பிள்ளை கண்முன்னால் இருக்கிறது, மாதம் முடியக் காசும் வருகிறது. இதைப் பற்றி நல்லதாகத்தான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் இந்த மாதத்தில் மட்டும் இரண்டு பேர் ஒரே கதையோடு வந்துவிட்டார்கள்.

ஒருத்தி என்னிடம் ஓ.எல். வரை படித்தவள். எட்டு மாதமாக ஒரே ஆளுக்கு வேலை. அதற்காகவே வந்த இரண்டு சின்ன வேலைகளை வேண்டாமென்று விட்டிருக்கிறாள். தவணைக் காசுக்கு லப்டொப் வேறு எடுத்திருக்கிறாள். ஒருநாள் இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி: நாளையிலிருந்து வேண்டாம், நன்றி. பாதியில் நின்ற வேலைக்குக் காசு கேட்டதற்குப் பதிலே இல்லை. "டீச்சர், நிப்பாட்டுறதெண்டா ஒரு மாசத்துக்கு முன்னம் சொல்லோணும் எண்டு சட்டம் இருக்குத்தானே?" என்று கேட்டாள்.

சட்டம் இருக்கிறது. ஆனால் அவளுக்கு இல்லை. பலருக்கு இது தெரியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்துவது பற்றி 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நல்ல இறுக்கமான சட்டம். ஆனால் 15 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கு அது பொருந்தாது. 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திராதவருக்கும் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது 'வேலையாளுக்கு' உரியது. ஃப்ரீலான்ஸ் செய்கிறவர் வேலையாள் இல்லை, தனியாகத் தொழில் செய்பவர். சேமலாப நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை, முன்னறிவித்தலும் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்குச் சட்டம். எழுதவில்லை என்றால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத மாதிரித்தான்.

அப்வேர்க் மாதிரித் தளங்களில் செய்கிறவர்களும் கவனியுங்கள். மணித்தியாலக் கணக்கு வேலையை இரண்டு பக்கமும் எப்போதும் நிறுத்தலாம். மொத்தத் தொகை பேசிய வேலையென்றால் வாடிக்கையாளர் முதலே போட்டு வைத்த காசு தளத்தின் கையில் இருக்கும். அவர் அதைத் திருப்பிக் கேட்டால் உங்களுக்கு அறிவித்தல் வரும். குறித்த நாளுக்குள் நீங்கள் பதில் போடாவிட்டால் காசு அவருக்கே திரும்பிவிடும். இமெயில் பார்க்காத பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மற்ற நாடுகளில் இந்த ஓட்டையை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜப்பானில் 2024 நவம்பர் 1ஆம் திகதி முதல் ஃப்ரீலான்ஸ் செய்பவர்களுக்கென்றே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடரும் வேலையை இடையில் நிறுத்துவதென்றாலும், புதுப்பிக்காமல் விடுவதென்றாலும், 30 நாள் முன்னதாகச் சொல்லவேண்டும். காரணம் கேட்டால் அதையும் சொல்லவேண்டும். பக்கத்தில் கர்நாடகத்திலும் 2025இல், செயலிகள் மூலம் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் 14 நாள் முன்னறிவித்தல் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டங்களால் எங்கள் பிள்ளைக்கு ஒரு சதமும் வராது. ஆனால் 'இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்' என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு உதவும்.

முன்னறிவித்தல் எதற்கென்று எங்கள் சனத்துக்குப் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். ஊரை விட்டுத் துரத்துவதும் ஒரு வாடிக்கையாளர் வேலையை நிறுத்துவதும் ஒன்றல்ல, அப்படி ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் உம்மாவின் வாப்பா தையல்காரர். பிறகு புத்தளத்தில் இருந்த காலம் முழுக்க, விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கதைத்ததை விட, மேசையில் வெட்டியபடி கிடந்த துணிகளைப் பற்றித்தான் கூடக் கதைப்பாராம். யார் யாருடைய துணி, யார் முற்பணம் தந்தது, எந்தக் கலியாணத்துக்கு எந்தச் சேர்ட் என்று. பாதியில் கிடக்கும் வேலையை முடித்தோ ஒப்படைத்தோ, காசுக் கணக்கை நேராக்கிவிட்டு எழும்பத்தான் அந்த நாட்கள் தேவைப்படுகின்றன. அடுத்த வேலை தேடுவது அதற்குப் பிறகுதான்.

சரி, என்ன எழுதுவது? எத்தனை நாள் என்பதில்தான் எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது விஷயம். இந்த வேலையைத் தேட எத்தனை நாள் எடுத்ததோ அதுதான் நியாயமான கணக்கு. 30 கிடைக்காவிட்டால் 14 வாங்குங்கள். பெரிய ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. 30 நாள் என்று எழுதிவிட்டு அந்த 30 நாளும் ஒரு வேலையும் அனுப்பாமல் விடுகிறார்கள். வந்த மற்ற பிள்ளைக்கு நடந்தது அதுதான். முன்னறிவித்தல் கொடுத்தாயிற்று, ஒப்பந்தம் மீறப்படவில்லை, காசும் இல்லை. அதனால் நாளை மட்டும் எழுதாமல், அந்த நாட்களில் எவ்வளவு வேலை அல்லது எவ்வளவு காசு என்பதையும் எழுதவேண்டும்.

இன்னொன்று, 'நாங்கள் எப்போதும் நிறுத்தலாம், நீங்கள் 60 நாள் முன்பு சொல்லவேண்டும்' என்ற மாதிரி ஒப்பந்தம் வந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளாக இருக்கட்டும்.

முதல் கிழமையிலேயே இதைக் கேட்டால் ஆள் ஓடிவிடும் என்பது உண்மைதான். இரண்டு மூன்று மாதம் போகட்டும். உங்களை நம்பி வேலை தருகிறார்கள் என்று தெரிந்த பிறகு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள் (வெளிநாட்டு ஆளென்றால் ஆங்கிலத்தில்):

"வேலையை நிறுத்த விரும்பும் தரப்பு 30 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும். வட்ஸ்அப், இமெயில் இரண்டும் போதும். அந்த 30 நாளும் வழமையான அளவு வேலை தரப்படும். தராவிட்டால் கடைசி மூன்று மாதச் சராசரித் தொகை கொடுக்கப்படும். பாதியில் நிற்கும் வேலைக்குச் செய்த அளவுக்கான காசு 14 நாளுக்குள் தரப்படும்."

அவர் 'ஓகே' என்று போட்டால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் செய்தி என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளமுடியாது. லண்டனில் இருப்பவரை இங்கிருந்து வழக்குக்கு இழுக்கமுடியாது என்பது வேறு கதை. உள்ளூர் ஆளென்றால் இணக்க சபைக்குப் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

ரியூசன் கொடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். ரியூற்றரிகளில் நீங்களும் ஃப்ரீலான்ஸ்தான், பிள்ளைக் கணக்குக்கு வீதம் வாங்குகிறீர்கள். ரியூற்றரி உங்களைத் திடீரென்று நிறுத்துவது பிழையென்றால், ஓ.எல். சோதனைக்கு ஆறு கிழமை இருக்கும்போது கூடின வீதத்துக்காக அடுத்த ரியூற்றரிக்கு மாறுவதும் பிழைதான். அங்கே 30 நாள் கணக்குச் சரிவராது. சோதனை முடியும்வரை என்று எழுதுங்கள், இரண்டு பக்கத்துக்கும்.

அந்தப் பிள்ளை பாதி வேலைக்கான கணக்கைத் திகதி போட்டு எழுதி இமெயிலில் அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை. தமிழில் சப்டைட்டில், போஸ்டர் வேலை யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நன்றாகச் செய்வாள். ஒப்பந்தம் வந்து ஆங்கிலம் விளங்காமல் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், இருந்து வாசிப்போம்.